அறப்பொருள் காத்த அகலியாபாய்

பொருளும் பொறுப்பும்

உலகில் பொருளை ஈட்டியவர் பலர். ஈட்டிய பொருளைப் பிறர்க்கு வழங்கியவர் சிலர். தம் கைக்கு வந்த செல்வம் தம்முடையது அன்று, தம்மிடம் அடைக்கலமாக வைக்கப்பட்டது என்று எண்ணி, ஒவ்வொரு காசுக்கும் இறைவனிடம் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராக வாழ்ந்தவர் மிகச் சிலரே. ஏழை ஒருவன் அவ்வாறு எண்ணுதல் எளிது. கருவூலத்தின் திறவுகோலைக் கையிற் கொண்ட அரசர் அவ்வாறு எண்ணுதல் அரிது. அவ்வரிய செயலை இருபத்தெட்டு ஆண்டுகள் இடைவிடாது செய்து காட்டியவர் மாளவ நாட்டை ஆண்ட அகலியாபாய் ஹோல்கர் ஆவார்.

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைத் தக்கவாறு பகுத்துச் செலவிடுதல் என்னும் நான்கிலும் வல்லதே அரசு என்பது திருவள்ளுவர் காட்டும் நெறி. இந்நான்கனுள் இறுதியில் நின்ற பகுத்துச் செலவிடுதலே மிகவும் கடினமானது. அதனை அகலியாபாய் எவ்வாறு செய்தார் என்பதை அவருடைய வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டும்.

பிறப்பும் மணமும்

மகாராட்டிர நாட்டில், இன்று அவர் பெயராலேயே வழங்கும் அகிலியாநகர் மாவட்டத்தில், சோண்டி என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் மங்கோஜி சிந்தே என்பவரின் மகளாக அகலியாபாய் 1725-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். அக்காலத்தில் பெண்களுக்குக் கல்வி கற்பித்தல் அரிதாயினும், மங்கோஜி தம் மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அன்று அத்தந்தை இட்ட சிறு வித்தே பின்னாளில் ஒரு நாட்டிற்கே நிழல் தரும் மரமாயிற்று.

மராத்தியப் பேரரசின் படைத்தலைவருள் முதன்மை பெற்றவர் மல்காரராவ் ஹோல்கர். எளிய குடியிற் பிறந்து, தம் வாள்வலியால் உயர்ந்து, மாளவ நாட்டின் பெரும்பகுதிக்குத் தலைவரானவர் அவர். ஒருமுறை புனா நகருக்குச் செல்லும் வழியில் சோண்டியில் தங்கிய அவர், அவ்வூர்க் கோயிலில் சிறுமி அகலியாவின் பத்தியையும் அடக்கத்தையும் கண்டு வியந்து, தம் ஒரே மகனாகிய கண்டேராவுக்கு அவளை மணம் பேசினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1733-ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுமியாய் அகலியா ஹோல்கர் குடும்பத்தின் மருமகள் ஆனார்.

மாமனார் மல்காரராவ் மருமகளின் அறிவுக் கூர்மையை விரைவில் உணர்ந்துகொண்டார். தாம் போர்க்களத்தில் இருந்த காலங்களில் வரி தண்டுதல், படைக்கு வேண்டும் உணவும் கருவிகளும் அனுப்புதல், கணக்கு நோக்குதல் ஆகிய பணிகளை அவரிடமே ஒப்படைத்தார். அம்மருமகள் அரசியலைக் கற்றது ஏட்டிலிருந்து அன்று. வரவும் செலவும் எழுதிய கணக்குச் சுவடிகளிலிருந்தே அவர் அதனைக் கற்றார்.

துன்பத்தின் மேல் துன்பம்

1754-ஆம் ஆண்டில் மராத்தியப் படை பரத்பூர் நாட்டைச் சேர்ந்த கும்பேர்க் கோட்டையை முற்றுகையிட்டது. அப்போரில் கண்டேராவ் குண்டடிபட்டு இறந்தார். அகலியாபாய்க்கு அப்போது வயது இருபத்தெட்டு. ஒரு மகனும் ஒரு மகளும் அவருக்கு இருந்தனர். அக்கால வழக்கப்படி அவர் கணவனுடன் தீப்புக முற்பட்டார். முதியவராகிய மல்காரராவ் கண்ணீர் சொரிந்து அவரைத் தடுத்தார். மகனை இழந்த தமக்கு இனி மகனும் மகளும் அவரே என்றும், அவரும் போய்விட்டால் இந்நாட்டையும் இக்குடும்பத்தையும் தாங்குவார் எவரும் இலர் என்றும் கூறி இரந்தார். தம் துயரினும் தம்மை நம்பியவரின் நலமே பெரிது என்று உணர்ந்து அகலியாபாய் உயிர் தாங்க இசைந்தார். அன்று முதல் தம் உயிரையே பிறர் தம்மிடம் ஒப்படைத்த ஒரு பொருளாக அவர் கருதினார் எனலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1766-ஆம் ஆண்டில், மல்காரராவும் மறைந்தார். பேரன் மாலேராவ் ஆட்சிக்கு வந்தான். அவனோ மனநிலை திரிந்தவன். ஓராண்டும் நிரம்புமுன் 1767-ஆம் ஆண்டில் அவனும் நோயுற்று இறந்தான். கணவன், மாமனார், மகன் ஆகிய மூவரையும் இழந்து அவ்வம்மையார் தனித்து நின்றார்.

கருவூலத்தின் மீது கண்

ஆளுவோர் இல்லாத வீட்டில் கள்வர்க்குத் துணிவு பிறக்கும். ஹோல்கர் அரசின் அமைச்சராய் இருந்த கங்காதர யசுவந்தர் என்பவர் உறவினருள் ஒரு சிறுவனைத் தத்தெடுத்து அரசனாக்கி, அவன் பெயரால் தாமே ஆளலாம் என்று எண்ணினார். அகலியாபாய் அதற்கு இசையவில்லை. உடனே அவ்வமைச்சர் பேஷ்வாவின் சிற்றப்பனாகிய இரகுநாதராவைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஹோல்கர் கருவூலத்தில் பெரும் பொருள் குவிந்துள்ளது என்னும் செய்தியே இரகுநாதராவின் ஆசையைத் தூண்டியது. அவர் படையுடன் மாளவம் நோக்கிப் புறப்பட்டார்.

அம்மையார் அஞ்சவில்லை. தம் படைத்தலைவர்களை ஒன்று கூட்டினார். தாம் ஏறும் யானையின் அம்பாரியில் வில்லும் அம்புக் கூடுகளும் பொருத்தச் செய்தார். ஒரு பெண்ணை வென்றால் அவருக்குப் புகழ் இல்லை என்றும், அவளிடம் தோற்றால் தீராப் பழி சேரும் என்றும் இரகுநாதராவுக்குச் செய்தி விடுத்தார் என்பர். இதற்கிடையில் புனாவில் இருந்த பேஷ்வா மாதவராவிடமும் தம் உரிமையை முறையிட்டார். நேர்மையாளராகிய மாதவராவ் அம்மையாரின் உரிமையை ஏற்று, சிற்றப்பனைத் தடுத்தார். போர் மூளாமலே இடுக்கண் நீங்கியது.

ஆட்சி கைக்கு வந்தவுடன் அம்மையார் செய்த முதற் செயல்களுள் ஒன்றை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவர் கருவூலத்தின் முன் நின்று, துளசியும் நீரும் கொண்டு தாரை வார்த்து, அங்கிருந்த செல்வம் முழுவதையும் அறச்செயல்களுக்கென்று இறைவனுக்கு உரிமையாக்கினார் என்பது வரலாறு. அரசாணைகளும் தம் பெயரால் அன்றிச் சிவபெருமானின் பெயராலேயே வெளிவரச் செய்தார். நாடு இறைவனுடையது, தாம் அவனுடைய காரியம் பார்ப்பவர், இதுவே அவர் கொள்கை. தம் செல்வத்தைக் கவர வந்தவரை எதிர்த்து நின்றவர், அச்செல்வத்தைத் தாமும் துய்க்கவில்லை. பிறர் கவராமற் காத்தது ஒரு வீரம் எனின், தம் ஆசையினின்று காத்தது அதனினும் பெரிய வீரம் அன்றோ!

இரண்டு கணக்குகள்

இறைவனுக்கு உரியது என்று வாயால் கூறிவிட்டு, மனம்போல் செலவிடுவோர் எக்காலத்தும் உண்டு. அகலியாபாயின் பெருமை அவர் கூறியதில் மட்டும் இல்லை; கூறியதைக் கணக்கில் காட்டியதில் இருக்கிறது.

ஹோல்கர் அரசில் பொருள் இருவகைப்பட்டது. நாட்டு வரியால் வருவது ஒன்று. அது படைக்கும் ஆட்சிக்கும் உரியது. மற்றொன்று கஸ்கி எனப்படும் தனியுடைமை. மல்காரராவின் மனைவியார் கௌதமாபாய்க்கு 1734-ஆம் ஆண்டில் பேஷ்வா பாஜிராவ் அளித்த ஊர்களின் வருவாய் அது. கௌதமாபாய்க்குப் பின் அது அகலியாபாய்க்கு வந்தது. நாடெங்கும் அவர் செய்த கோயில் திருப்பணி முதலிய அறங்களுக்கு இக்கஸ்கிப் பொருளே பெரிதும் பயன்பட்டது. குடிகள் கொடுத்த வரியைக் கொண்டு தமக்குப் புண்ணியம் தேட அவர் முற்படவில்லை. தமக்கென்று வந்ததை அறத்திற்கு ஈந்தார். குடிகளிடமிருந்து வந்ததைக் குடிகளைக் காத்தற்குச் செலவிட்டார். இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் காத்த இந்நுண்மையே அவரை வள்ளல்கள் பலரினும் உயர்த்துகிறது.

போர்த்தொழிலைத் தாமே மேற்கொள்ளாமல், குடும்பத்தோடு தொடர்புடைய துக்கோஜி ஹோல்கரைப் படைத்தலைவராக்கினார். துக்கோஜி அம்மையாரைத் தாயாக மதித்து ஒழுகினார். ஆயினும் படைச்செலவு பற்றி இருவர்க்கும் பிணக்கு நேர்ந்ததும் உண்டு. படையோ வடக்கிலும் தெற்கிலும் திரிவது. அதன் செலவு ஓயாதது. கேட்டபோதெல்லாம் கருவூலத்தைத் திறந்துவிட அம்மையார் இசையவில்லை. செலவிட்ட பொருளுக்குக் கணக்குக் கேட்டார். அன்பிற்குரியவர் ஆயினும் கணக்கிற்கு உட்பட்டவரே என்பது அவர் முறை.

நாட்கடன்

நருமதை ஆற்றின் கரையில் உள்ள மகேசுவரத்தைத் தம் தலைநகராக அம்மையார் அமைத்துக்கொண்டார். அங்கு அவர் வாழ்ந்த இல்லம் எளியது. வெண்ணிற ஆடையே உடுத்தார். கழுத்தில் அணிந்த ஒரு சிறு மாலையைத் தவிர வேறு அணிகலன் பூணவில்லை.

அவருடைய நாட்கடன் வரையறை உடையது. விடிவதற்கு ஒரு நாழிகைக்கு மேலாகவே எழுவார். நீராடி இறைவனை வழிபட்டுப் புராணங்கள் படிக்கக் கேட்பார். பின்னர் ஏழையர்க்கும் அந்தணர்க்கும் உணவளித்து, அதன் பின்னரே தாம் உண்பார். மரக்கறி உணவே கொள்வார். சிறிது இளைப்பாறிய பின், பிற்பகல் இரண்டு மணி அளவில் அரசவைக்கு வருவார். மாலைப்பொழுது வரையில் அங்கிருப்பார். முகத்திரை இன்றி யாவரும் காணும்படி அமர்ந்து, முறையிட வந்த எளியவரின் வழக்கையும் தாமே கேட்பார். மாலை வழிபாடு முடிந்த பின், இரவு ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரையில் மீண்டும் அரசாங்க அலுவல்களைப் பார்ப்பார். திருவிழா நாட்களும் நாட்டிற்கு நேர்ந்த இடுக்கண்களும் அன்றி வேறெதுவும் இம்முறையை மாற்றியதில்லை.

இறைவழிபாட்டில் இத்துணை நேரம் செலவிட்டவர் ஆட்சியைப் புறக்கணித்தாரோ என்று சிலர் ஐயுறலாம். அம்மையாருக்கு வழிபாடும் ஆட்சியும் இரு வேறு தொழில்கள் அல்ல. தம் அதிகாரத்தால் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் இறைவன் திருமுன் விடை கூறவேண்டும் என்னும் அச்சம் அவரிடம் எப்போதும் இருந்தது. அமைச்சர் கடுமையான தண்டனையைப் பரிந்துரைத்த போதெல்லாம் அவ்வச்சமே அவரைத் தடுத்து நிறுத்தியது.

பிறர் பொருள்

தம் பொருளை வழங்குதல் ஒருவகை அறம்; பிறர் பொருளை விரும்பாமை மற்றொரு வகை அறம். அக்காலத்தில் மக்கட்பேறு இன்றி இறந்த செல்வரின் பொருளை அரசு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. சிரோஞ்சு என்னும் ஊரில் வணிகர் ஒருவர் மகப்பேறின்றி இறந்தார். அவர் மனைவி ஒரு சிறுவனைத் தத்தெடுக்க விரும்பினாள். அவ்வூர் அதிகாரி பெருந்தொகை கொடுத்தாலன்றி அதற்கு இசைய இயலாது என்று அச்சுறுத்தினான். அவள் அச்சிறுவனை அழைத்துக்கொண்டு மகேசுவரம் சென்று முறையிட்டாள். அம்மையார் அவ்வதிகாரியைப் பதவியினின்று நீக்கினார். சிறுவனைத் தம் மடியில் இருத்தி, ஆடையணிகள் அளித்து, பல்லக்கில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்.

கார்கோன் என்னும் ஊரில் வட்டித்தொழில் செய்த உடன்பிறந்தார் இருவர் மக்கட்பேறின்றி இறந்தபோது, அவர்களுடைய செல்வத்தை அம்மையார்க்கே தர முன்வந்தனர் உரிமை உடையோர். யாரும் வற்புறுத்தாமல், தாமாகவே கொடுக்க வந்த பொருள் அது. அதனை ஏற்றிருந்தால் பழிப்பார் எவரும் இலர். அம்மையாரோ அதனை ஏற்க மறுத்து, அவ்வூரிலேயே அறச்செயல்களுக்குச் செலவிடுமாறு அறிவுரை கூறினார். அவ்வாறே ஆற்றில் படித்துறையும் ஒரு கோயிலும் அங்கு எழுந்தன. தாம் அறம் செய்வதோடு நில்லாமல், பிறரும் அறம் செய்யும் பேற்றைப் பெற வழிவிட்டார் அவர்.

வழிப்பறியும் வாழ்வும்

விந்திய மலைப் பகுதியில் வாழ்ந்த பீல், கோண்டு மக்களுள் சிலர் வழிச்செல்வோரைக் கொள்ளையிட்டு வந்தனர். வணிகர் அஞ்சினர். அம்மையார் முதலில் இன்சொல்லால் திருத்த முயன்றார். அது பயன்படாதபோது, கொடியவர்களாகிய தலைவர் சிலரைக் கடுமையாகத் தண்டித்தார். ஆயினும் தண்டனை மட்டும் நோயைத் தீர்க்காது என்பதை அவர் அறிவார். வயிற்றுப்பாட்டிற்கு வழியில்லாதவனிடம் களவு செய்யாதே என்று கூறுவதில் பயன் என்ன? எனவே, அவர்கள் வாழும் மலைவழியே செல்லும் சரக்குகளுக்கு ஒரு சிறு தொகையைத் தண்டிக்கொள்ளும் பழைய உரிமையை அவர்களுக்கே உறுதி செய்தார். பீல் கௌடி என்பது அதன் பெயர். அதற்கு ஈடாக வழிப்போக்கரைக் காக்கும் பொறுப்பையும், அவர்தம் எல்லையில் களவு போனால் மீட்டுத் தரும் கடமையையும் அவர்கள்மேல் சுமத்தினார். தரிசு நிலங்களைத் திருத்திப் பயிரிடவும் ஏற்பாடு செய்தார். வழிபறித்தவரே வழிக்காவலர் ஆயினர். பொறுப்பை ஒப்படைத்தால் மனிதன் திருந்துவான் என்னும் நம்பிக்கை அம்மையாருக்கு இருந்தது. அவர் தாமே பொறுப்பால் உருவானவர் அல்லரோ!

நாடெங்கும் அறம்

அம்மையாரின் அறச்செயல்கள் மாளவ நாட்டின் எல்லையோடு நிற்கவில்லை. காசியில் இன்று நாம் காணும் விசுவநாதர் திருக்கோயில் 1780-ஆம் ஆண்டளவில் அவர் எழுப்பியதே. அக்கோயிலின் விமானத்திற்குப் பொன் வேய்ந்தவர் பின்னாளில் வந்த பஞ்சாப் மன்னர் இரஞ்சித் சிங். கயையில் விஷ்ணுபாதக் கோயிலும், சோமநாதத்தில் பழைய கோயிலுக்கு அருகே ஒரு சிவன் கோயிலும் அவர் கட்டுவித்தவை. எல்லோராவில் குசுமேசுவரர் கோயிலும் அவரால் புதுப்பிக்கப்பெற்றது. வடக்கே பனிமலையில் கேதாரமும், மேற்கே துவாரகையும், கிழக்கே செகந்நாதமும், தெற்கே நம் இராமேசுவரமும் அவருடைய கொடையால் பயன் பெற்றன. இத்தலங்களில் ஆண்டுதோறும் ஏழைகளுக்கு வழங்குமாறு பொருள் அனுப்பி வந்தார். தென்னாட்டுக் கோயில்களின் திருமுழுக்கிற்குக் கங்கை நீர் சுமந்து செல்லவும் ஆட்களை அமர்த்தியிருந்தார்.

கோயில்கள் மட்டுமா? வழிப்போக்கர் தங்கச் சத்திரங்களும், நீராடப் படித்துறைகளும், குடிக்கக் கிணறுகளும் அமைத்தார். விந்திய மலையின் செங்குத்தான சரிவில் பெரும்பொருட் செலவில் ஒரு பாதை அமைத்தார். மகேசுவரத்தில் நெசவாளரைக் குடியேற்றித் தொழில் வளர்த்தார். மகேசுவரச் சேலைகள் இன்றும் பெயர் பெற்றவை. சிற்றூராய் இருந்த இந்தூர் அவர் காலத்தில் செல்வம் கொழிக்கும் நகரமாய் வளர்ந்தது.

வேனிற்காலத்தில் வழிநடப்போர்க்குத் தண்ணீர் வழங்க ஆட்கள் நின்றனர். குளிர் தொடங்கும்போது ஏழைகளுக்கு ஆடைகள் வழங்கப்பட்டன. கோடையில் உழும் எருதுகளை நிறுத்தி, அவற்றுக்கு நீர் காட்டுவதற்கென்றே அம்மையாரின் ஏவலர் சென்றனர். உழவர் தம் வயல்களினின்று விரட்டிய பறவைகள், அம்மையார் விலை கொடுத்து வாங்கி விட்டுவைத்த வயல்களில் இரை தேடின. உழவன் பறவையை விரட்டுவது குற்றம் அன்று. அவன் பிழைப்பு அது. பறவையும் பசியாற வேண்டும், உழவனும் இழப்புறலாகாது. இரண்டையும் நிறைவேற்ற, விலை கொடுப்பதே வழி என்று கண்ட அறிவை என்னென்பது!

அயல்நாடுகளில் ஏன் செலவிட வேண்டும், அப்பொருளைப் படைக்குச் செலவிட்டிருந்தால் நாடு வலிமை பெற்றிருக்குமே என்று குறை கூறினாரும் உண்டு. ஆராய்ந்து பார்த்தால் அக்குறை நில்லாது. மராத்தியத் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் பொருத அக்காலத்தில், அம்மையாரின் நாட்டின்மேல் படையெடுத்துச் செல்ல எவரும் எளிதில் துணியவில்லை. நாடெங்கும் அவரைப் போற்றியதால், அவரைத் தாக்குதல் பெரும்பழி என்று அயலரசரும் அஞ்சினர். அறமே அவருக்கு அரணாய் நின்றது.

புகழில் பற்றின்மை

பொருளாசையை விட்டவரும் புகழாசையை விடுதல் அரிது. புலவர் ஒருவர் அம்மையாரைப் புகழ்ந்து ஒரு நூல் இயற்றிக் கொண்டுவந்து படித்தார். அம்மையார் பொறுமையோடு கேட்டார். முடிவில், குற்றமுடைய எளியவளாகிய தமக்கு இப்புகழ்ச்சி தகாது என்று கூறி, அந்நூலை நருமதையில் எறியச் செய்தார். அதன்பின் அப்புலவரைப் பொருட்படுத்தவும் இல்லை. இறைவனுடைய பொருளை வழங்கியதற்குத் தமக்குப் புகழ் சேர்ப்பது, ஒப்படைத்த பொருளில் கைவைப்பது போன்றது என்று அவர் எண்ணினார் போலும்.

இறுதிக்காலம்

அம்மையாரின் முதுமை இன்பமாய்க் கழியவில்லை. கொள்ளையரை அடக்கியதற்குப் பரிசாக யசுவந்தராவ் பான்சே என்னும் வீரனுக்குத் தம் மகள் முத்தாபாயை மணம் செய்வித்திருந்தார் என்பர். அவர்களுடைய மகனே அம்மையாரின் முதுமைக்கு ஊன்றுகோல். அப்பேரன் இளமையிலேயே இறந்தான். பின்னர் 1791-ஆம் ஆண்டில் மருமகனும் இறந்தான். முத்தாபாய் கணவனுடன் தீப்புகத் துணிந்தாள். அம்மையார் மகளின் காலில் விழாக் குறையாகக் கெஞ்சினார். நாட்டில் எத்தனையோ பேரின் கண்ணீரைத் துடைத்த கைகளால் தம் மகளைத் தடுக்க இயலவில்லை. அக்கொடிய வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது 1829-ஆம் ஆண்டிலேதான். மூன்று நாட்கள் உணவின்றிக் கிடந்த அம்மையார், பின்னர் எழுந்து நீராடி, மீண்டும் அரசவைக்குச் சென்றார். துயரம் தமக்கு உரியது. அலுவலோ குடிகளுக்கு உரியது. தமக்குரியதன் பொருட்டுக் குடிகளுக்கு உரியதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், எழுபதாம் வயதில், மகேசுவரத்தில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

அழிந்ததும் நின்றதும்

அம்மையார் மறைந்த பின் மாளவம் அமைதியை இழந்தது. துக்கோஜி 1797-ஆம் ஆண்டில் இறந்தார். அரசுரிமைப் போர் மூண்டது. 1801-ஆம் ஆண்டில் சிந்தியாவின் படை இந்தூரைச் சூறையாடியது. அம்மையார் காத்து வைத்த கருவூலப் பொருளும் போர்களில் கரைந்தது. 1818-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் மேலாண்மை அந்நாட்டில் ஏற்பட்டது. அப்போது அங்கு அதிகாரியாய் வந்த சர் ஜான் மால்கம் என்பவர், இந்நாட்டு மக்கள் அகலியாபாயை எண்ணி உருகுவதைக் கண்டு வியந்தார். அது மிகைப்படுத்திய புகழோ என்று ஐயுற்றுப் பலரிடமும் ஆராய்ந்தார். ஆராயும்தோறும் அம்மையாரின் பெருமை வளரக் கண்டு, அதனைத் தம் நூலில் விரிவாக எழுதிவைத்தார். அந்நூல் 1823-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இந்திய அரசு 1996-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இந்தூரின் பல்கலைக்கழகமும் விமான நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும் அவருக்கு உண்மையான நினைவுச்சின்னங்கள், காசியிலும் கயையிலும் நருமதைக் கரையிலும் அவர் கட்டுவித்த கோயில்களும் படித்துறைகளுமே ஆகும்.

பெட்டியில் இருந்த பொன் போயிற்று. படித்துறையில் இட்ட கல் நிற்கிறது. தம்முடையது என்று எவரும் பூட்டி வைத்த செல்வம் நிலைத்ததில்லை. பிறர்க்குரியது என்று திறந்து வைத்த செல்வமே நிலைத்தது. அகலியாபாய் அரசியாய்ப் பிறந்தவர் அல்லர். அரசைத் தேடிப் பெற்றவரும் அல்லர். துன்பத்தின் வழியே அது அவரிடம் வந்து சேர்ந்தது. வந்ததைத் தம் உடைமையாகக் கருதாமல் தம் கடமையாகக் கருதினார்.

நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைப் பிறரிடமிருந்து பெற்றே வாழ்கிறோம். பெற்றோர் அளித்த பொருள், ஆசிரியர் அளித்த கல்வி, நாடு அளித்த உரிமை ஆகிய யாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவையே. பள்ளி மாணவர் தலைவனிடம் ஒப்படைத்த சிறுதொகையும் அவ்வாறே. அதனை அளவறிந்து செலவிட்டு, கணக்கைத் தெளிவாகக் காட்டி, மிஞ்சியதைக் குறையாமல் திருப்பித் தருபவன், ஒருநாள் ஒரு நாட்டையே ஒப்படைத்தாலும் அதனைக் காப்பான்.

கணக்கு, கருணை, கடவுள் நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றுகூடுதல் அரிது. கணக்கு மட்டும் உடையவர் கருமியாவர். கருணை மட்டும் உடையவர் விரைவில் வறியவராவர். நம்பிக்கை மட்டும் உடையவர் செயலற்று நிற்பர். மூன்றும் ஒருங்கே அமையப் பெற்ற அகலியாபாயின் வாழ்வு, பொறுப்பேற்பார் அனைவர்க்கும் ஒரு கலங்கரை விளக்கமாய் என்றும் ஒளிர்வதாகுக.